எந்தக் கரையில் நிற்பாய் தம்பி?

போன கிழமை களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தம்பி வட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தான். "அண்ணே, கையில ரெண்டு லட்சம் சேர்த்து வைச்சிருக்கன். கலியாண வீடும் எடுக்கணும், வாவியில பறவையும் எடுக்கணும், கூத்தும் எடுக்கணும். என்ன கமரா வாங்குற?"

நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். "விடியக்காலம அஞ்சே முக்காலுக்கு நீ எந்தக் கரையில நிப்பாய்?"

பகிடி விடுகிறேன் என்று நினைத்துவிட்டான் போல. இரண்டு நாள் பதில் இல்லை. பகிடி இல்லை தம்பி, அதுதான் முதல் கேள்வி. இதே கேள்வியோடு மாதத்தில் நாலைந்து பேராவது என்னிடம் வருகிறார்கள் என்பதால் வடிவாக எழுதிவைக்கிறேன்.

மட்டக்களப்பு வாவி கடலுக்குச் சமாந்தரமாக வடக்குத் தெற்காக ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. கடல் பக்கத்துக் கரையை எழுவான்கரை என்றும், வயல் பக்கத்துக் கரையைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் சொன்னார்கள். சூரியன் எழுகிற பக்கம், படுகிற பக்கம். ஊரையே வெளிச்சத்தை வைத்துப் பிரித்தவர்கள் அவர்கள். படம் எடுக்கிறவனுக்கு இதைவிட நல்ல பாடம் எந்தக் கமராப் பெட்டிக்குள் இருக்கும் கையேட்டிலும் கிடைக்காது.

காலையில் தோணியில் நின்று ஒருவர் வீச்சுவலை எறிகிறார் என்று வையுங்கள். நீங்கள் எழுவான்கரையில் நின்றால் சூரியன் உங்கள் முதுகில். தென்னைகளைத் தாண்டி வெயில் தண்ணீரில் விழுந்ததும் அவர் முகம், வலையின் கண்ணி, தோள் நரம்பு எல்லாம் தெரியும். எந்தச் சாதாரண லென்ஸும் இந்த வெளிச்சத்தில் நன்றாகவே எடுக்கும். அதே ஆளைப் படுவான்கரையிலிருந்து பார்த்தால் அவர் கறுப்பு நிழலுருவம். வலை மட்டும் பொன்னாக விரியும். பார்க்க அதுதான் அழகு. ஆனால் இப்போது சூரியன் நேராக உங்கள் லென்ஸுக்குள் வருகிறது. கண்ணாடியின் மேற்பூச்சு பழசாகியிருந்தால், உள்ளே தூசியோ பூஞ்சணமோ இருந்தால், படம் முழுக்கப் பால் தெளித்ததுபோல் வெளிறிவிடும். எழுவான்கரையில் குறை தெரியாத லென்ஸ் படுவான்கரையில் தோற்றுப்போவதை நான் என் கையாலேயே பார்த்திருக்கிறேன். அதனால்தான் அந்தக் கேள்வி.

இன்னொன்று நேரம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்து யூடியூப்பில் கமரா பற்றிப் பேசுகிறவர்கள், பொன் வெளிச்சத்தில் ஆறுதலாக லென்ஸ் மாற்றி மாற்றி எடுக்கலாம் என்பார்கள். அவர்கள் ஊரில் சூரியன் சாய்வாக இறங்கும், அந்தி நீளும். நாம் பூமத்திய ரேகைக்கு எட்டுப் பாகைக்குள் இருக்கிறோம். இங்கே சூரியன் ஏறக்குறைய நேராக இறங்கும். அது மறைந்தபின் பயன்படுகிற அந்தி வெளிச்சம் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான். காலையிலும் அப்படித்தான், அரை மணியில் வெயில் வெள்ளையாகிவிடும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாள்களில் உச்சிவேளையில் சூரியன் தலைக்கு நேரே நிற்கும், மூக்கின் நிழல் வாயில் விழும். ஆகவே பையில் நாலு லென்ஸ் இருப்பதில் எங்களுக்குப் பலன் குறைவு. எந்த லென்ஸ் கமராவில் பூட்டியபடி இருக்கிறதோ அதுதான் அன்றைய படம்.

கூத்து எடுக்கிறவர்களைப் பற்றித்தான் நிறையச் சொல்ல இருக்கிறது. எனக்கு அதில்தான் ஆசை அதிகம்.

வடமோடி, தென்மோடி எதுவானாலும் பழைய முறையில் கூத்து வட்டக்களரியில்தான். சுற்றிவர ஆக்கள். நடுவில் கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தோடு. இரவு தொடங்கி விடியும்வரை ஆட்டம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலான கூத்துகளைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தபோது பார்வையாளர் எல்லாரும் ஒரே பக்கத்துக்கு வந்துவிட்டார்கள். படம் எடுப்பவருக்கு அது வசதி. ஓர் இடத்தில் முக்காலி வைத்து நீண்ட லென்ஸால் எடுக்கலாம். வட்டக்களரியில் அது நடக்காது. ஆடுபவர் ஒரு கணம் உங்களைப் பார்ப்பார், மறு கணம் முதுகைக் காட்டுவார். எதிர்ப்பக்கத்து ஆக்களின் முகமும் உங்கள் சட்டகத்துக்குள் வரும். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. தூக்கக் கண்ணோடு மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு பார்க்கும் அந்தத் தாயும் கூத்தின் ஒரு பகுதிதான்.

களரி ஓரத்தில் இருந்தால் ஆடுபவர் நாலிலிருந்து ஆறு மீட்டர் தூரத்துக்குள் இருப்பார். ஏபிஎஸ்சி அளவு சென்சர் உள்ள கமராவில் 50 மி.மீ. லென்ஸைப் பூட்டி, கமராவைச் செங்குத்தாகப் பிடித்தால், ஆறு மீட்டரில் முடியிலிருந்து சதங்கைவரை முழு ஆளும் அடங்கி மேலும் கீழும் இடம் மிஞ்சும். நாலு மீட்டர் என்றால் 35 மி.மீ. வேண்டும். இந்த இரண்டில் ஒன்று, எஃப்/1.8 வாய் உள்ளது, இருந்தால் கூத்துக்குப் போதும். ஏன் 1.8? கமராவோடு வரும் 18-55 லென்ஸை 55க்கு நீட்டினால் அதன் வாய் எஃப்/5.6 ஆகச் சுருங்கிவிடும். 1.8 உள்ளே விடும் வெளிச்சம் அதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு. 1.8இல் ஐஎஸ்ஓ 3200 வைத்து எடுக்கிற அதே படத்துக்கு 5.6இல் 32,000 வேண்டும். அந்த இடத்தில் ஆட்டக்காரரின் வில்லுடுப்பு வேலைப்பாடெல்லாம் மணலாகிவிடும். லென்ஸ்களிலேயே மலிவானவற்றில் ஒன்று இந்த 50, எஃப்/1.8. இதை வாங்காமல் விலை கூடிய கமராவுக்குக் காசு கட்டுகிறவர்களைப் பார்த்தால் மனம் பொறுக்காது.

களரிக்கு வெளிச்சம் முன்பு பந்தம், பிறகு பெற்றோமக்ஸ், இப்போது எல்இடி. இதில் ஒரு சிக்கல். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மலிவான எல்இடியும் குழல் விளக்கும் செக்கனுக்கு நூறு தடவை மங்கி ஒளிரும். கண்ணுக்குத் தெரியாது, கமராவுக்குத் தெரியும். ஒரு படம் வெளிச்சம், அடுத்தது இருட்டு, மிரர்லெஸ்ஸில் சத்தமில்லாத சட்டரைப் போட்டால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கறுப்பு. சட்டர் வேகத்தை 1/100இல் வைத்தால் பட்டை போய்விடும், ஆனால் சுழன்றாடும் கால் குழம்பிவிடும். காலை உறையவைக்க 1/250 வேண்டும். 2014இல் கெனன் 7டி மார்க் 2இல் வந்த மினுங்கல் தடுப்பு வசதி இதற்காகத்தான். வெளிச்சம் உச்சத்தில் இருக்கும் கணம் பார்த்துச் சட்டரைத் திறக்கும். கூத்துக்காக வாங்குபவர் மெகாபிக்சலைக் கேட்கமுன் இதைக் கேட்கவேண்டும். அது இல்லையென்றால் பொறிமுறைச் சட்டரில் நாலைந்து படம் தொடர்ச்சியாக எடுங்கள், ஒன்று தப்பும்.

பிளாஷ் வேண்டாம். தொடங்கிய காலத்தில் நான் அடித்தேன். இருட்டிலிருந்து சுழன்று வந்த ஆட்டக்காரரின் கண்ணில் நேரே பட்டு அவர் தாளம் தவறினார். அண்ணாவியார் ஒன்றும் சொல்லவில்லை, மத்தளத்தை நிறுத்தாமல் என்னை ஒரு தரம் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு இன்றுவரை களரிக்குள் நான் பிளாஷைக் கொண்டுபோனதில்லை.

கலியாண வீட்டுக்கு வருவோம். இதைத் தொழிலாகச் செய்பவருக்கு முதல் தேவை இரண்டு மெமரி கார்ட் போடும் இடம். தாலி கட்டுவது ஒரு தரம்தான். கார்ட் பழுதாகிவிட்டது என்று பெண்ணின் தாயிடம் போய்ச் சொல்ல முடியாது. நிக்கோன் டி7200இல் இரண்டு இடம் உண்டு. ஏறக்குறைய அதே காலத்துக் கெனன் 80டியில் ஒன்றுதான், ஆனால் அதில் மினுங்கல் தடுப்பு உண்டு, டி7200இல் இல்லை. கூத்துக்கு ஒன்று, கலியாணத்துக்கு ஒன்று என்று தராசு இப்படித்தான் சாயும். டி7200இன் உடலுக்குள்ளேயே குவிய மோட்டார் இருப்பதால் பழைய 'டி' வகை லென்ஸ்களும் தானாகக் குவியும். டி3500, டி5600 போன்ற சின்னக் கமராக்களில் அவற்றைக் கையால் திருப்பவேண்டும். பாவித்த சாமானில் காசை மிச்சம்பிடிக்கப் பார்ப்பவருக்கு இந்த ஒரு விவரமே பெரிய உதவி.

கலியாணப் படம் எடுக்கும் தம்பிமாரிடம் ஒன்று கேட்கிறேன். எங்கள் ஆக்களின் நிறத்தை விட்டுவிடுங்கள். கலர் பிலிம் காலத்தில் உலகமெங்கும் ஆய்வுகூடங்கள் வெள்ளைத் தோல் பெண்ணின் படத்தை அளவுகோலாக வைத்துத்தான் நிறம் சரிபார்த்தன. அந்த அளவுகோல் போய்விட்டது. இப்போது நாமே கணினியில் முகத்தை வெளுக்கிறோம். மாலை வெயிலில் கறுத்த முகத்தில் விழும் வெளிச்சத்தைப்போல ஒன்றைப் படம் பிடிக்கக் கிடைப்பது எவ்வளவு பெரிய பேறு!

பறவை. மாரி தொடங்கி பெரும்போகப் பயிர் பச்சைபிடிக்கும் காலம் படுவான்கரை வயலும் வாவியும் கொக்கும் நாரையும் கூழைக்கடாவுமாக நிறைந்துவிடும். மண்முனைப் பக்கத்து ஆசிரியை ஒருவர் இதற்காக 600 மி.மீ. லென்ஸ் பற்றிக் கேட்டார். அதைவிடக் குறைந்த நிக்கோன் 200-500 லென்ஸே 2.3 கிலோ. அவருக்குக் கழுத்து நோ. அவருக்கு வேண்டியதோ பறவையை அடையாளம் கண்டு, பிள்ளைகளுக்கு வகுப்பில் காட்டுவது. அவருக்கு நான் சொன்னது நிக்கோன் பி900 போன்ற நெடுந்தூரச் சூம் கமரா. 2015இல் வந்தது, 83 மடங்கு சூம். அதன் சென்சர் நகத்தளவு. முழுச்சட்டகச் சென்சரின் பரப்பில் முப்பதில் ஒரு பங்குதான். அந்தியில் அது தடுமாறும். ஆனால் காலை எட்டு மணிக்குப் பாலத்தில் நின்று தூரத்துக் கண்டல் மரத்தில் இருக்கும் செம்பருந்தின் கண்ணைக் காட்ட அது போதும். வாங்கினார், பிள்ளைகள் இப்போது நத்தைகுத்தி நாரையை அலகின் இடைவெளி பார்த்தே சொல்கிறார்கள்.

பறக்கும் பறவைதான் வேண்டும் என்பவர் கதை வேறு. கறுப்பு வெள்ளை மீன்கொத்தி வாவிக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, செங்குத்தாக விழும். அதற்கு 1/2000 வேகம் வேண்டும், அதைத் தொடர்ந்து பிடிக்கும் குவியமும் வேண்டும். இங்கேதான் புதிய மிரர்லெஸ்கள் உண்மையாகவே வென்றிருக்கின்றன. கெனன் ஆர்10, ஆர்7 (இரண்டும் 2022) பறவையின் கண்ணைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். 100-400 ஆர்எஃப் லென்ஸ் 635 கிராம்தான். வாய் சிறிது, அதனால் வெயில் வேண்டும், ஆனால் தோளில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நடக்கலாம்.

நீளமான லென்ஸ் எல்லாவற்றையும் தீர்க்காது. காலை ஒன்பதைத் தாண்டினால் வாவிக்கு மேலே காற்று சூடேறி நெளியும். அந்த நெளிவை எவ்வளவு விலை கொடுத்த லென்ஸாலும் ஊடுருவ முடியாது, தூரத்துப் பறவை பஞ்சாகத்தான் வரும். வழி ஒன்றே, கிட்டப் போவது. தூரம் பாதியானால் படத்தில் பறவை நாலு மடங்கு இடம் பிடிக்கும். தெரிந்த மீன்பிடிகாரரிடம் கேட்டு அவர் தோணியில் ஏறுங்கள். அவர்களின் தோணியைப் பறவைகள் தினமும் பார்க்கின்றன, அதற்குப் பயப்படுவதில்லை. தோணியில் முக்காலி உதவாது, உடம்பைக் குறுக்கி முழங்காலில் முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள். தண்ணீர் மட்டத்துக்கு உங்கள் கண் இறங்கும்போது கூழைக்கடாவின் நிழலும் அதனோடு சேர்ந்து மிதப்பது தெரியும். ஒரு தரம் அதைப் பார்த்தவர் பிறகு கரையில் நின்று எடுக்கமாட்டார்.

சும்மா ஊர் சுற்றி எடுப்பவருக்கு? நல்ல கைபேசி இருந்தால் அதுவே போதும் என்பேன். மண்முனையில் 2014இல் பாலம் வந்தபின் விடியலைப் பார்க்க அங்கே போகிறவர்கள் கூடிவிட்டார்கள். அந்த விடியலுக்குக் கைபேசி குறைவில்லை. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதையில் போவதானால் மட்டும் கமராவில் 24 மி.மீ. அளவு அகலக்கோண லென்ஸ் ஒன்றைப் பூட்டி எடுத்துப் போங்கள். வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கத்தில் பாதை என்றால் ஆக்களையும் வாகனத்தையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை. மோட்டார் சைக்கிள், பால் கேன், கோயிலுக்குப் போகும் குடும்பம் எல்லாம் உங்களுக்கு ஒரு மீட்டருக்குள். முதலில் கதையுங்கள், பிறகு எடுங்கள்.

பூரணையில் கல்லடிப் பாலத்தில் வாவிக்குள்ளிருந்து வரும் பாடுமீன் ஓசை கேட்கப் போகிறவர்கள் நிலவையும் தண்ணீரையும் ஒரே படத்தில் கேட்பார்கள். நிலவு வெயில் பட்ட கல், அதன் மேற்பரப்புக்கு எஃப்/11, ஐஎஸ்ஓ 100, 1/100 போதும். அதன் கீழே கிடக்கும் வாவிக்கோ பல செக்கன்கள் வேண்டும். நிலவு எழும்பிய உடனே, அந்தி வெளிச்சம் மிச்சமிருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் எடுங்கள். முக்காலியைப் பாலத்தில் வைக்காமல் கரையில் வையுங்கள், பாலம் அதிரும்.

எதை வாங்கினாலும் அதைக் காப்பாற்றுவது இங்கே பாதி வேலை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, இடையில் நாம். ஒரு தரம் பாவித்த லென்ஸ் ஒன்றைப் படம் மட்டும் பார்த்து வாங்கினேன். வீட்டில் டோர்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலைபோல் பூஞ்சணம். பூஞ்சணத்தைத் துடைக்கலாம், அது அரித்த மேற்பூச்சு திரும்ப வராது. அன்றிலிருந்து கைபேசி டோர்ச்சை லென்ஸின் பின்பக்கம் பிடித்துப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை. வீட்டில் அலுமாரிக்குள் தோல் பையில் வைக்காதீர்கள்; தோல் ஈரம் குடிக்கும். மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி ஒன்று. முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்கட்டும். நிறம் மாறிய சிலிக்காவைச் சூடாக்கி மறுபடி பாவிக்கலாம், ஆனால் நீல வகையில் நஞ்சு உண்டு, சமையல் சட்டியில் போடக்கூடாது. கொழும்பிலிருந்து ஏசி பஸ்ஸில் வந்து இறங்கியதும் கமராவை வெளியே எடுக்கவேண்டாம். அரை மணி பைக்குள் இருக்கட்டும், இல்லாவிட்டால் கண்ணாடி வியர்க்கும்.

களுவாஞ்சிகுடித் தம்பிக்கு என் பதில் இதுதான். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதத்துக்குள் 350ஐத் தாண்டியபோது இறக்குமதிச் சாமானுக்கு ஏறிய விலை, பழைய நிலைக்கு இறங்கவில்லை. அதனால் உடல் பாவித்ததாக இருக்கட்டும். மிரர்லெஸ்ஸுக்கு மாறுகிறவர்கள் விற்கும் நல்ல டிஎஸ்எல்ஆர்கள் கிடைக்கின்றன. அதோடு 50, எஃப்/1.8. மிச்சக் காசில் இன்னொரு பற்றரி, இரண்டு கார்ட், அந்தப் பிளாஸ்டிக் பெட்டி. ஒரு வருடம் இதோடு கூத்தும் கலியாண வீடும் எடு. பறவைக்கு அதில் வரும் உழைப்பிலிருந்து வாங்கு.

என் வீட்டில் நான் அதிகம் பாவிக்கும் லென்ஸ் எது என்று அவன் கடைசியில் கேட்டான். 60 மி.மீ. மக்ரோ. பூச்சியும் பூவும் எடுக்க வாங்கியது. ஆனால் அது பார்த்தது பெரும்பாலும் பழைய படங்களைத்தான்.

2004 மார்கழி 26இல் கடல் வந்தபோது நாவலடியிலும் கல்லடியிலும் எத்தனையோ வீட்டு ஆல்பங்கள் போய்விட்டன. இலங்கையின் பெரிய படக்கலைஞர் லயனல் வென்ட் 1944இல் மறைந்தபின் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. இன்று நாம் பார்க்கும் வென்ட், அவர் தாளில் அச்சிட்டு வைத்ததில் எஞ்சிய வென்ட். எங்கள் ஆக்களுக்கு எஞ்சியது வெளியூர்ச் சொந்தக்காரர் வீடுகளில் இருந்த படங்கள். சேற்றுக் கறை படிந்த, ஓரம் கரைந்த படங்களைச் சொப்பிங் பைக்குள் வைத்துக்கொண்டு என் விறாந்தைக்கு வருவார்கள். படத்தைத் தட்டையாக வைத்து, கமராவை அதற்கு நேர் சமாந்தரமாக நிறுத்தி, இரண்டு பக்கமும் சமமாக வரும் நிழல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் எடுப்பேன். மக்ரோ லென்ஸ் ஓரத்தை வளைக்காது, அதுதான் இதில் பெறுமதி.

சொந்தக்கார மாமி ஒருவர். அவரிடம் கணவரின் படம் ஒன்றுகூட இல்லை. கொக்கட்டிச்சோலையில் ஒரு கலியாண வீட்டுக் கூட்டுப் படத்தில் மூன்றாவது வரிசையில் கணவர் நிற்பதாக யாரோ சொல்ல, மாமி போய் வாங்கி வந்தார். பெருவிரல் நகத்தைவிடச் சின்ன முகம். மக்ரோவில் அந்த முகத்தை மட்டும் எடுத்து, தபாலட்டை அளவில் அச்சிட்டுக் கொடுத்தேன். கொஞ்சம் மங்கல்தான். மாமி அதைப் பொலித்தீனில் சுற்றி அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறார். 2011 தை வெள்ளத்தில் தண்ணீர் கீழ்த்தட்டுவரை வந்ததாம்.

போன வெள்ளி மறுபடி வந்தார். "இன்னொண்டு அடிச்சுத் தாங்க மகன். படுவான்கரையில தங்கச்சிட வீட்ட குடுத்து வைக்கப்போறன்."

நேற்று அடித்துக் கொடுத்துவிட்டேன்.